ஆறாம் மேசையும் சேவியர் சாரும்

நுழைவுத் தேர்வின் ரேங்க் வந்த மறுநாள் காலை அது. விடிந்ததிலிருந்தே என் கைபேசி ஓயவில்லை. இரண்டாம் பி.யு., அதாவது பிளஸ் டூ, முடித்த பிள்ளைகளின் அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாகக் கூப்பிட்டு, இந்த ரேங்குக்கு மைசூரில் எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் தோசைத் திருப்பி, ஒரு கையில் போன். திரையில் சேவியர் சாரின் மகள் ஜெசிந்தாவின் பெயர் வந்தது. அவளும் யாரோ உறவுக்காரப் பிள்ளைக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "சொல்லும்மா, எவ்வளவு ரேங்க்?" என்றேன். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாரு" என்றாள்.

காலையில் நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, செய்தித்தாளைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அவர் மனைவி லூர்து மேரி முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். கையைப் பிடித்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தேன். போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

நம் கல்லூரியில் சேவியர் சாரிடம் வேதியியல் படித்தவர்களும், அவரோடு வேலை பார்த்தவர்களும், நசர்பாத் பக்கம் அவரோடு நடந்து போனவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது கொஞ்சம் என் மானத்தையும் வாங்கும் கதை. ஒருநாளும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்பது கடைசியில் வரும்.

இருபத்தாறு வருடம் ஆசிரியர் அறையில் எங்கள் இருவர் மேசையும் எதிரெதிரே கிடந்தன. அவர் வேதியியல், நான் இயற்பியல். அவர் நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு. எந்தப் பேச்சையும் "ஆய்து" என்று கன்னடத்தில் சொல்லி முடித்து வைப்பார். முடிந்தது, விடுங்கள் என்று பொருள். நான் நேர்மாறு. சுலபத்தில் எதையும் விடமாட்டேன். மேலுகோட்டையிலிருந்து வந்த வைணவக் குடும்பம், பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்பா. ஒரு அரை மதிப்பெண்ணுக்காக மூன்று நாள் சண்டை போடுவேன். பிள்ளைகள் எனக்குத் "தராசு மேடம்" என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் மாநிலத்தில் பொறியியலுக்கு ரேங்க் போடும்போது, இரண்டாம் பி.யு. தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் வாங்கிய மதிப்பெண் ஒரு பாதி. நுழைவுத் தேர்வில் அதே மூன்று பாடங்களில் வாங்கியது இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்து வருவதுதான் ரேங்க், அந்த வரிசைப்படிதான் சீட்டு. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்தால் ஒரு பெருங்கூட்டமே முன்னால் போய் நின்றுகொள்ளும்.

பி.யு. முடிவு வரும் நாளில் சேவியர் சார் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். அழுதுகொண்டு வரும் பிள்ளையின் மதிப்பெண்ணை இடது பக்கம் எழுதுவார். வலது பக்கம் காலி. "ஒரு பாதிதானே வந்திருக்கு? இன்னொரு பாதி இன்னும் வரல. அதுக்குள்ள எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்பார். அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலி இடத்தைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிடும். இதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாதிக் கணக்கை அவர் எதற்கும் போடுவார். என் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்லபடியாக முடிந்துவிட்டது என்றேன். "மேடம், ஆபரேஷன் ஒரு பாதி. வீட்டுக்கு வந்து உங்க கையால சாப்பிட்டுத் தப்பிக்கிறது இன்னொரு பாதி. ரெண்டையும் சேத்துத்தான் ரேங்க்" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

எனக்கு இந்தப் பேச்சு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. கணக்கைக் கணக்காகச் சொல்லாமல் ஆறுதலாக்கிக் கொடுக்கிறார் என்று எரிச்சலாக இருக்கும். ஒருமுறை, "இரண்டு பாதியும் போன பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?" என்று மடக்கினேன். "அதுக்கு டீ வாங்கிக் குடுப்பேன்" என்றார். அந்த வருடமே அப்படி ஒருத்தி வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். சார் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லல மேடம். ரெண்டு டீ, ஒரு பன். பேசினது பூரா அவதான். ஆய்து" என்றார். அவள் இன்று குண்டலுபேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

இனி என் கதை. இயற்பியல் செய்முறைத் தேர்வில் நான் ஒரு முறை வைத்திருந்தேன். பிள்ளைகள் சீட்டு எடுத்து, வந்த எண்ணுள்ள மேசையில் போய் நின்று சோதனை செய்ய வேண்டும். மதிப்பெண்ணைக் குறிக்கும்போது நான் பெயரோ பதிவு எண்ணோ எழுதமாட்டேன். மேசை எண் மட்டும்தான். யாருடைய பிள்ளை, எந்த ஊர், எனக்குப் பிடித்தவளா பிடிக்காதவளா என்பது எதுவும் என் பென்சிலுக்குத் தெரியக் கூடாது என்பது என் கொள்கை. எல்லாம் முடிந்த பிறகு, எந்த மேசையில் யார் என்ற குலுக்கல் பட்டியலைப் பார்த்து, பெயருக்கு நேராக மதிப்பெண்ணை ஏற்றுவேன். சேவியர் சார் இதைக் கேலி செய்வார். "ஒரு தடவ மூஞ்சியப் பாருங்க மேடம். மூஞ்சியிலயும் ரீடிங் இருக்கு." எனக்குக் கோபம் வரும். மூஞ்சியைப் பார்த்து மார்க் போடுவது வேதியியலில் வேண்டுமானால் நடக்கும் என்பேன்.

ஏழு வருடம் முன்பு அவர் மகள் ஜெசிந்தா எங்கள் கல்லூரியில்தான் இரண்டாம் பி.யு. படித்தாள். அதே வகுப்பில் கௌசல்யா என்று ஒரு பெண். சொந்த ஊர் ஹனூர் பக்கம். அவள் அம்மா மாதேஸ்வரன் மலையில் தேங்காய், பூ, விபூதிக் கடை வைத்திருந்தார். கௌசல்யா மைசூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். பொறியியலுக்கு மைசூரிலேயே சீட்டு கிடைத்தால் அத்தை வீட்டில் இருந்துகொண்டே படிக்கலாம். வேறு ஊர் என்றால் ஹாஸ்டலுக்கு வழியில்லை, மலைக்கு வந்து கடையில் உட்கார் என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இதை அந்தப் பெண் யாரிடமும் புலம்பியதில்லை. ஒருநாள் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வந்த அத்தை என்னிடம் சொன்னதுதான்.

செய்முறைத் தேர்வு நாளில் ஜெசிந்தாவுக்கு ஆறாம் மேசை வந்தது, கௌசல்யாவுக்கு ஏழாம் மேசை. இரண்டிலும் ஒரே சோதனைதான். ஆறாம் மேசையில் கால்வனோமீட்டர் முள் அசையவே இல்லை. ஜெசிந்தா கண் கலங்க நின்றாள். நான் பக்கத்தில் போவதற்குள் கௌசல்யா, "மேடம், நான் அங்க வந்துக்கறேனுங்க. ஒயரு நுனியத் தேச்சா வந்துருமுங்க. அவ இங்க நிக்கட்டுமுங்க" என்றாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் தலையாட்டினார். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். கௌசல்யா உப்புத்தாள் கேட்டு வாங்கி வயர்களின் நுனியைத் தேய்த்தாள். முள் அசைந்தது. அத்தனை ரீடிங்கும் எடுத்து முடித்தாள். ஏழாம் மேசையில் நல்ல கருவி இருந்தும் ஜெசிந்தாவால் பாதிகூட முடிக்க முடியவில்லை. பதற்றம்தான் காரணம். என் மதிப்பெண் சீட்டில் ஆறாம் மேசைக்கு முப்பது, ஏழாம் மேசைக்குப் பத்தொன்பது என்று எழுதினேன். அன்று மாலை வெளித் தேர்வாளர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார். குலுக்கல் பட்டியலை வைத்துக்கொண்டு மளமளவென்று ஏற்றினேன். பட்டியலில் ஆறு என்றால் ஜெசிந்தா, ஏழு என்றால் கௌசல்யா. விடைத்தாள்களில் இருந்த மதிப்பெண் கட்டங்களையும் உள்ளே திருப்பிப் பார்க்காமல் அதே வேகத்தில் நிரப்பினேன்.

பி.யு. முடிவு வந்த நாள் மதியம் கௌசல்யாவைக் கல்லூரி கேட்டருகே பார்த்தேன். கையில் மதிப்பெண்ணை எழுதிய ஒரு துண்டுக் காகிதம். வாங்கிப் பார்த்தேன். எழுத்துத் தேர்வெல்லாம் நன்றாக இருந்தது, இயற்பியல் செய்முறையில் மட்டும் பத்தொன்பது. "பிராக்டிகலில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே" என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது. கேட்பதற்கு இடமே இல்லாத மதிப்பெண் அது. நான் டிபன் டப்பாவைத் திறக்கப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு சேவியர் சார் என் மேசைக்கு வந்தார். கையில் போன். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஜெசிந்தாவுக்கு பிசிக்ஸ் பிராக்டிகல்ல எவ்வளவு தெரியுமா மேடம்? முப்பதுக்கு முப்பது."

"சந்தோஷம். ஸ்வீட் எங்கே?" என்றேன்.

"எங்க வீட்டுல பல்பு மாத்தணும்னாகூட அவ அம்மாவக் கூப்பிடுறவ. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, பாதி ரீடிங்கூட எடுக்கலப்பான்னு அழுதா. இது அவ மார்க் இல்ல மேடம். யாரோடதோ இவளுக்கு வந்திருக்கு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இருபது வருடத்தில் என் பட்டியலை யாரும் கேள்வி கேட்டதில்லை. அலமாரியைத் திறந்து அந்த வருடத்துச் சீட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். போட்ட பிறகுதான் நானே பார்த்தேன். ஓரத்தில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, என் கையால் போட்ட இருபக்க அம்பு ஒன்று பென்சிலில் மங்கலாக இருந்தது. இடம் மாறியதை மறக்கக் கூடாது என்று நானே போட்டு, நானே மறந்த அம்பு. கேட்டருகே நின்ற கௌசல்யாவின் முகம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் அன்று பட்ட வெட்கத்தை நான் வேறு என்றும் பட்டதில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"தாராளமா எழுதுங்க. முதல்ல தேர்வு வாரியத்துக்கு எழுதுங்க. அது ஒரு பாதி. ராஜினாமாவ அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, தன் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லையே, நாமாக எதற்குக் கிளற வேண்டும், கல்லூரிப் பெயர் என்னாவது என்றார். சேவியர் சார் நிதானமாகச் சொன்னார். "சார், ஏத்தணும்னு கேட்டாத்தான் ஊரு சந்தேகப்படும். நான் என் பொண்ணுக்குக் கொறைக்கணும்னு கேக்கறேன். இதுல யாருக்கு என்ன பயம்?" முதல்வர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெளித் தேர்வாளரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஜெசிந்தாவிடம் அன்று மாலையே சொல்லிவிட்டார் சார். கௌசல்யாவைக் கூப்பிட்டு, "உன் மார்க்குல எங்க தப்பு ஒண்ணு இருக்கும்மா. அத நாங்க பாத்துக்கறோம். நீ இன்னொரு பாதியப் பாரு" என்று மட்டும் சொன்னார். நுழைவுத் தேர்வுக்கு அப்போது சில நாட்களே இருந்தன.

இரண்டு நாள் கழித்து நானும் அவரும் காலை ரயிலில் பெங்களூர் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். மத்தூரில் வடை வாங்கி, ஒன்றைப் பாதியாகப் பிய்த்து எனக்கு நீட்டினார். நான் வாங்கவில்லை. சாப்பிடும் நிலையில் இல்லை. அவரே இரண்டு பாதியையும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"உங்க தப்பு ஒரு நிமிஷத் தப்பு மேடம். என்னோடது அஞ்சு மணி நேரம்."

எனக்குப் புரியவில்லை.

"அந்த மார்க்கப் பத்து மணிக்கே பாத்துட்டேன். பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. ஆனா உங்ககிட்ட வந்தது மூணு மணிக்கு. நடுவுல கிளாஸ் கிளாஸாச் சுத்தினேன். அவ மைசூர்லயே படிச்சா எங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனச்சேன். யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். அந்த அஞ்சு மணி நேரமும் நான் திருடன்தான் மேடம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் மடியில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்துப் பாதியாக்கி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டேன். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று அன்பாகவும் ஆனது.

வாரிய அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. விடைத்தாள் கட்டை வரவழைத்து இருவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் ரீடிங் முழுதாக இருந்தும் பத்தொன்பது, மற்றதில் பாதி காலியாக இருந்தும் முப்பது. கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, "ஏற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு இந்த அறை போதாது. குறைக்கச் சொல்லி ஒரு அப்பா வந்து நான் பார்த்ததில்லை" என்று கன்னடத்தில் சொன்னார். வீட்டில் தெரியுமா என்று கேட்டார். "தெரியும். ரெண்டு நாளா மகள் என்னோடு பேசவில்லை" என்றார் சார். அதிகாரி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு வேண்டியதுதான். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், கண்டிப்புக் கடிதமும் வாங்கினேன்.

ரேங்க் பட்டியல் வருவதற்கு முன்பே திருத்தம் ஏறிவிட்டது. கௌசல்யாவுக்கு மைசூரிலேயே நல்ல கல்லூரியில் சீட்டு கிடைத்தது. ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது ஹாசனில். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று சார் என்னிடம் சொன்னார்: "ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, 'அப்பா, நீங்க அந்த மார்க்கக் கொஞ்சம் லேட்டாப் பாத்திருக்கலாம்'னு சொல்றா மேடம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா." சொல்லும்போது அவரும் சிரித்தார், குரல்தான் கொஞ்சம் கம்மியிருந்தது.

அன்றுதான் என்னிடம் சத்தியம் வாங்கினார். கௌசல்யாவின் மதிப்பெண் யாருக்குப் போயிருந்தது என்று அவளுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. "ரெண்டும் சிநேகிதிங்க. இது தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஜெசிந்தாவப் பாக்குறப்பல்லாம் தலையக் குனியும். அது வேண்டாம். ஆய்து." நான் ஒப்புக்கொண்டேன். ஏழு வருடம் காப்பாற்றினேன். இதிலாவது தவறு செய்யக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் தீபாவளி கழிந்து கௌசல்யா சாருக்கு மாதேஸ்வரன் மலைப் பிரசாத லட்டு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுப்பாள். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அந்த லட்டை ஆசிரியர் அறையில் என் கண் முன்னாலேயே பிரித்து, "கெமிஸ்ட்ரிக்கு வந்த மரியாதையப் பாருங்க. பிசிக்ஸுக்கு ஒண்ணும் வரலையே?" என்று வம்பிழுத்துக்கொண்டே சாப்பிடுவார். எனக்கு வேண்டாம் என்று நான் முறைத்துக்கொள்வேன். உண்மையில், எனக்கு எப்படி வரும் என்று மனதுக்குள் நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் முப்பதாம் நாள் ஜெபம். பூசை முடிந்து எல்லோரும் சார் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஜெசிந்தா இப்போது மைசூரில்தான் வேலை பார்க்கிறாள். கௌசல்யா கொள்ளேகாலில் மின்வாரியத்தில் ஜூனியர் இன்ஜினியர். அவளும் வந்திருந்தாள், மடியில் ஒரு துணிப்பை. இரண்டு பெண்களும் தோளோடு தோள் உட்கார்ந்து சாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் செய்தது யாருக்குமே தெரியாமல் போகிறதே என்று நினைத்தேன். எழுந்து போய்க் கௌசல்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் பிராக்டிகல் மார்க் அன்றைக்கு யாருக்குப் போயிருந்தது என்று தெரியுமாம்மா?" என்று கேட்டேன். கேட்டதும் சத்தியம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கௌசல்யா ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்களா மேடம்? டேபிள மாத்திக் குடுத்ததே நான்தானுங்க" என்றாள் கௌசல்யா. "ரிசல்ட்டு பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க. ஆனா நான் போயிக் கேட்டா ஜெசிந்தாவுக்குக் கொறையுமில்லீங்களா? அதான் வாயத் தொறக்கல. வீட்டுலயும் சொல்லல. மலையில கடையப் பாத்துக்கலாமுன்னு மனசத் தேத்திக்கிட்டேனுங்க. சாருதான் அவராவே போயி அவரு புள்ளைக்குக் கொறச்சுட்டு வந்தாரு."

"நாங்க ரெண்டு பேரும் அந்த வாரமே பேசிட்டோம் ஆன்ட்டி" என்றாள் ஜெசிந்தா. "இவகிட்ட ஒரு ரெண்டு நாள் சண்டைகூடப் போட்டேன், ஏன்டி வாயத் தொறக்கலன்னு. அப்பாகிட்ட மட்டும் சொல்லல. அவரு பாவம், யாருக்கும் தெரியாதுன்னு சந்தோஷமா லட்டு சாப்பிட்டுட்டிருந்தாரு. இனிமே யாருகிட்ட வேணா சொல்லுங்க ஆன்ட்டி."

ஆக, பதினேழு வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, மேசை எண்ணை மட்டும் பார்த்த எனக்குத் தெரியவில்லை. கேட்டருகே அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாளே, அந்தப் பார்வையில் எல்லாமே இருந்திருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை. "அன்று நான் உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "அது எப்பவோ போச்சுங்க மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேவியர் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை பெரிய விஷயங்கள் இல்லை. அந்த வருடத்திலிருந்து என் சீட்டில் மேசை எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதுகிறேன். எழுதும் முன் ஒருமுறை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அந்தப் பழைய பென்சில் அம்புச் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. பி.யு. முடிவு வரும் நாளில் கரும்பலகையில் கோடு போடுவதும் இனி நான்தான். என் கோடு அவர் கோட்டைவிட நேராக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளம்பும்போது கௌசல்யா துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தயங்கினாள். துக்க வீட்டில் கொடுக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம். லூர்து மேரி, "குடும்மா, அவருக்குப் பிடிக்கும்" என்றார். ஜெசிந்தா ஒரு லட்டை எடுத்து இரண்டாக உடைத்து, ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். "அப்பா பங்கு ஆன்ட்டி." ஏழு வருடத்தில் இயற்பியலுக்கு வந்த முதல் லட்டு. வேண்டாம் என்று சொல்லாமல் வாயில் போட்டுக்கொண்டேன். இன்னொரு பாதியை அவள் சாப்பிட்டாள்.